குழந்தையின் தலை இடுப்புக்குள் இறங்குவது: ஒன்பதாம் மாதத்தில் என்ன நடக்கிறது?

ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டால் வீட்டில் ஆளாளுக்கு ஒரே கேள்விதான். "தலை இறங்கிடுச்சா?" அம்மா கேட்பார், மாமியார் கேட்பார். பக்கத்து வீட்டு அக்கா வயிற்றைப் பார்த்தே "இன்னும் இறங்கலையே" என்று சொல்லிவிட்டுப் போவார். செக்கப்புக்குப் போனால் டாக்டர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு ஃபைலில் "ஹெட் ஃப்ளோட்டிங்" (தலை இன்னும் மேலே ஆடிக்கொண்டிருக்கிறது) என்றோ "ஹெட் ஃபிக்ஸ்டு" (தலை இடுப்பெலும்பில் ஆடாமல் பதிந்துவிட்டது) என்றோ எழுதுகிறார். விளக்கம் கேட்க நேரம் இருப்பதில்லை, வெளியே வரிசை நிற்கிறது. அந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் போனில் தேடும் பெண்கள் ஏராளம். அவர்களுக்காகவும், அவர்களோடு சேர்ந்து பயப்படும் கணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரசவ வலி வருவதற்கு முன் தலை இறங்கவில்லை என்பதற்காக மட்டும் பயப்படத் தேவையில்லை. அது ஒன்றே ஆபரேஷனுக்குக் காரணமும் ஆகாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது, உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்தால் தானாகப் புரியும்.

திரும்புவது வேறு, இறங்குவது வேறு

பேச்சில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒன்று, தலை திரும்புவது. ஏழாம் மாத வாக்கில், அதாவது 28 வாரத்தில், நான்கில் ஒரு குழந்தை வரை தலை மேலேயும் பிட்டம் கீழேயுமாக இருக்கலாம். பிறகு பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே புரண்டு தலைகீழாக வந்துவிடும். மாதம் நிறைந்த பிறகும் பிட்டம் கீழே இருப்பது 100 குழந்தைகளில் 3 அல்லது 4 மட்டும்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் "செபாலிக்" என்று இருந்தால் தலை கீழ்ப்பக்கம் இருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான். தலை எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பற்றி அந்த வார்த்தை எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவதுதான் நம் விஷயம், தலை இறங்குவது. கீழ்ப்பக்கம் பார்த்த தலை, இடுப்பெலும்பின் வளையத்துக்குள் நுழைகிறது. தலையின் மிக அகலமான பகுதி அந்த வளையத்தின் மேல் விளிம்பைத் தாண்டிவிட்டால், மருத்துவர்கள் "எங்கேஜ் ஆகிவிட்டது" என்பார்கள்.

மூன்றாவது, கர்ப்பப்பை வாய் திறப்பது. இது பிரசவ வலியோடு நடக்கும் வேலை. தலை நன்றாக இறங்கி மூன்று வாரம் ஆகியும் வாய் இறுக மூடியே இருக்கலாம். தலை மேலேயே இருக்கும்போது வலி தொடங்கி வாய் திறக்கவும் செய்யலாம். "தலை இறங்கிடுச்சு, இன்னைக்கோ நாளைக்கோ பிறந்துடும்" என்று நாள் குறிப்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

போகிற பாதை எப்படி இருக்கிறது

இடுப்பெலும்பு முன்பக்கம், பக்கவாட்டு, முதுகுப்பக்கம் என்று சுற்றிலும் எலும்பாலான ஒரு குறுகிய வழி. மேலே ஒரு வாசல், நடுவே கொஞ்சம் இடம், கீழே ஒரு வாசல். இந்த வழியில் கவனிக்க வேண்டிய விஷயம், மேல் வாசலும் கீழ் வாசலும் ஒரே வடிவில் இல்லை என்பது. மேல் வாசல் பக்கவாட்டில் அகலமானது: இடமிருந்து வலமாக ஏறக்குறைய 13 செ.மீ., முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 11 செ.மீ. நடுப்பகுதி கிட்டத்தட்ட வட்டமாக இருக்கும். கீழ் வாசலில் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே முன்பின் அளவுதான் அதிகம், பக்கவாட்டு அளவு குறைவு. இவை பாடப்புத்தகச் சராசரிகள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

குழந்தையின் தலையும் எல்லாப் பக்கமும் ஒரே அளவு கொண்டதல்ல. ஒரு காதின் மேற்புறத்திலிருந்து மறு காதின் மேற்புறம் வரை, அதாவது பக்கவாட்டில், ஏறக்குறைய 9.5 செ.மீ. முன்பின்னாக அளந்தால், தலை எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அளவு மாறிவிடும். குழந்தை தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்திருந்தால் வழியில் வரும் முன்பின் அளவும் அதே 9.5 செ.மீ.தான். தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்தபடி வந்தால் அது 11 செ.மீ.யைத் தாண்டுகிறது. இன்னும் அண்ணாந்து நெற்றி முன்னால் வருமானால் 13 செ.மீ.க்கும் மேல். ஒரே குழந்தை, ஒரே தலை. குனிந்தால் வழி உண்டு, அண்ணாந்தால் வழி இல்லை.

வளைகாப்பில் கை நிறைய வளையல் அடுக்கிய பெண்ணுக்கு இது சட்டென்று புரியும். கண்ணாடி வளையல் கையை விடச் சிறியதாகத்தான் தெரியும். ஆனால் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைக் குவித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பித் தள்ளினால் உள்ளே போய்விடுகிறது. கையின் அளவு மாறவில்லை, வளையலின் அளவும் மாறவில்லை, கை நுழைந்த விதம்தான் மாறியது.

குழந்தையும் இப்படித்தான் திரும்புகிறது. மேல் வாசல் பக்கவாட்டில் அகலம் என்பதால், பெரும்பாலான குழந்தைகள் முகத்தை அம்மாவின் இடுப்பின் ஒரு பக்கம் பார்த்தபடி உள்ளே நுழைகின்றன. பின்னந்தலை அம்மாவின் இடப்பக்கம் இருப்பது அதிகம். பிறகு வலியின்போது கீழே போகப் போகத் திரும்பி, முகம் அம்மாவின் முதுகைப் பார்க்க, பின்னந்தலை முன்பக்கம் வர, வெளியே வருகின்றன. கீழ் வாசலில் முன்பின் அளவு அதிகம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஏற்ற திருப்பம் இது.

இன்னும் இரண்டு உதவிகள் உண்டு. பிறக்கும் குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பாக ஒட்டியிருக்காது. தனித்தனித் தகடுகளுக்கு நடுவே மென்மையான இடைவெளிகள் இருக்கின்றன. நெருக்கடியான இடத்தில் இந்தத் தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று சற்று ஏறிக்கொள்ளும். பிறந்தவுடன் சில குழந்தைகளின் தலை நீளமாகத் தெரிவது இதனால்தான், சில நாட்களில் சரியாகிவிடும். அம்மாவின் பக்கமும் நெகிழ்வு உண்டு. கர்ப்பகால ஹார்மோன்கள் இடுப்பெலும்புகளை இணைக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. கடைசி மாதங்களில் படுக்கையில் புரளும்போதும், படி ஏறும்போதும் இடுப்பின் முன்னெலும்பில் வலிப்பது பெரும்பாலும் இந்த இணைப்புகளில் இருந்துதான் வருகிறது.

ஏன் இறங்குகிறது, எப்போது இறங்குகிறது

வயிற்றுக்குள் ஒன்பது மாதம் மேலேயே இருந்த தலை கடைசியில் கீழே போவதற்கு முக்கியக் காரணம் கர்ப்பப்பையே. கர்ப்பப்பையின் உடலுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு குறுகிய பகுதி உண்டு. கர்ப்பம் இல்லாத நாட்களில் அது ஒரு செ.மீ.கூட இருக்காது. கடைசி மாதங்களில் இந்தப் பகுதி மெலிந்து, நீண்டு, விரிந்து, கர்ப்பப்பையின் அடிப்பாகமாகவே மாறிவிடுகிறது. தலை உட்கார ஒரு புது இடம் கீழே கிடைக்கிறது. வயிறு அவ்வப்போது கல்லாக இறுகி இறுகித் தளர்வதை எல்லாக் கர்ப்பிணிகளும் கவனித்திருப்பார்கள். நம் ஊரில் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுப்பது பெரும்பாலும் இதற்குத்தான். இந்த இறுக்கங்களும் குழந்தையைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றன.

தலைச்சன் பிள்ளையானால், வலி தொடங்க இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு முன்பே தலை இறங்குவது வழக்கம் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. முதல் கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் இறுக்கமாக இருப்பதால் குழந்தை முன்னால் சரிய இடமில்லாமல் கீழே போகிறது என்பது வழக்கமான விளக்கம். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் தசைகள் தளர்ந்திருக்கும். வலி தொடங்கும்வரை தலை மேலேயே மிதந்துகொண்டிருந்துவிட்டு, வலி வந்தபின் மளமளவென்று இறங்கும். ஆகவே இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண்ணிடம் 38 வாரத்தில் "இன்னும் இறங்கலையே" என்று முகம் சுளிப்பதில் அர்த்தமே இல்லை.

முதல் பிரசவத்திலும் இந்த நாட்கணக்கு எல்லோருக்கும் பொருந்துவதில்லை. வலியோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போதுகூடத் தலை மேலே இருக்கும் பெண்கள் நிறைய பேர். வழக்கம் என்று புத்தகத்தில் எழுதியிருப்பதை விதி என்று எடுத்துக்கொண்டால் தேவையில்லாத பயம்தான் மிஞ்சும்.

உங்களுக்கு என்ன தெரியும்

சிலருக்கு ஒரே இரவில் மாற்றம் தெரியும். சிலருக்கு எதுவுமே தெரியாது. இரண்டும் சரிதான்.

தெரிந்தவர்கள் முதலில் சொல்வது மூச்சைப் பற்றி. 36 வாரத்தில் கர்ப்பப்பையின் உச்சி நெஞ்செலும்பின் கீழ் முனை வரை ஏறி நிற்கும். நான்கு வாய் சாப்பிட்டாலே நெஞ்சை அடைக்கும், படுத்தால் எரிச்சல் மேலே ஏறும். தலை இறங்கியதும் அந்த உச்சி கீழே வருகிறது. 40 வாரத்தில் அது பழையபடி 32 வார அளவில் வந்து நிற்கும், பக்கவாட்டில் மட்டும் வயிறு நிறைந்து தெரியும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கை வைக்க இடம் கிடைத்துவிட்டது என்று பெண்கள் சொல்வது இதைத்தான். மூச்சு சுலபமாகும், சாப்பாடு கொஞ்சம் கூடுதலாக இறங்கும்.

மேலே கிடைத்த நிம்மதிக்குக் கீழே விலை கொடுக்க வேண்டியிருக்கும். மூத்திரப்பை நசுங்குவதால் அரை மணிக்கு ஒருமுறை பாத்ரூம் ஓட வேண்டிவரும். மலச்சிக்கல் கூடும், மூலம் இருந்தால் உறுத்தும். தொடை இடுக்கில் திடீரென்று சுரீரென்று ஒரு வலி ஓடி மறையும். உள்ளே நரம்பு அழுத்தப்படுவதால் வருவது அது. நடை மாறும், கால்களை அகட்டி வைத்து நடக்க வேண்டியிருக்கும். வெள்ளைப்படுதல் சற்று அதிகமாகலாம். அதில் துர்நாற்றமோ அரிப்போ இருந்தால் மட்டும் காட்டிவிடுங்கள். மூத்திரம் போகும்போது எரிச்சல் இருந்தாலும் தலை இறங்கியதுதான் காரணம் என்று விட்டுவிட வேண்டாம். கிருமித் தொற்றாக இருக்கலாம், கர்ப்பத்தில் அதற்கு மருந்து அவசியம்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். "தலை இறங்கினா அசைவு குறைஞ்சிடும், உள்ள இடம் இல்ல" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மை இல்லை. அசைவின் விதம் மாறலாம். பெரிய உதைகளுக்குப் பதிலாக உருளுவது, நெளிவது, விலாப் பக்கம் கால் வைத்து முட்டுவது என்று இருக்கலாம். ஆனால் குழந்தை அசைவதே குறையக்கூடாது, கடைசி நாள் வரை. வழக்கத்தைவிட அசைவு குறைந்ததாக உங்கள் மனதுக்குப் பட்டால், ஏதாவது இனிப்பு சாப்பிட்டுப் பார்ப்போம், காலையில் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் அன்றே, அந்த வேளையே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் சந்தோஷமாக வீட்டுக்கு வாருங்கள். தேவையில்லாமல் வந்துவிட்டோமோ என்று கூச்சப்பட வேண்டாம்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்

கையால்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மன் மருத்துவர் லியோபோல்ட் முறைப்படுத்திய நான்கு படிகளைத்தான் இன்றும் கிராம ஆரம்ப சுகாதார நிலையத்து செவிலியரும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரும் பின்பற்றுகிறார்கள். உச்சியில் என்ன இருக்கிறது, முதுகு எந்தப் பக்கம், கீழே இருப்பது தலையா, அது ஆடுகிறதா என்று வரிசையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். கடைசிப் படியில் உங்கள் கால் பக்கம் பார்த்துத் திரும்பி நின்று, இரு கைகளையும் அடிவயிற்றின் இரு பக்கமும் வைத்துக் கீழ்நோக்கி அழுத்துவார். விரல்கள் தலையின் அடியில் ஒன்றையொன்று நோக்கிக் குவிந்தால் தலை இன்னும் மேலே. விலகிப் போனால் தலை உள்ளே போய்விட்டது.

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை ஐந்து பங்காகக் கணக்கிடுவார்கள். அடிவயிற்றின் கீழ் முனையில் கையில் தட்டுப்படும் முன்னெலும்புக்கு மேலே தலை எத்தனை விரல் அகலத்துக்குத் தட்டுப்படுகிறது என்பதே கணக்கு. ஐந்து விரலுக்கும் தட்டுப்பட்டால் 5/5, தலை முழுதும் மேலே. இரண்டு விரலுக்கோ அதற்குக் குறைவாகவோ தட்டுப்பட்டால் தலையின் அகலமான பகுதி உள்ளே போய்விட்டது. ஃபைலில் 4/5, 3/5, 2/5 என்று எழுதியிருந்தால் எண் குறையக் குறைய இறக்கம் அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிறைய பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 4/5 என்றதும் கிட்டத்தட்ட முழுதும் இறங்கிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

உள்பரிசோதனையில் பார்க்கும்போது வேறு அளவு. இடுப்பெலும்பின் உள்பக்கம் இரு புறமும் சிறு முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். தலையின் நுனி அந்த மட்டத்தில் இருந்தால் "ஜீரோ ஸ்டேஷன்". அதற்கு மேலே எத்தனை செ.மீ. இருக்கிறதோ அது மைனஸ், கீழே இருந்தால் பிளஸ். வலியை மருந்து கொடுத்துத் தொடங்கலாமா என்று முடிவெடுக்க 1964இல் அமெரிக்க மருத்துவர் பிஷப் வகுத்த மதிப்பெண் முறையிலும் இந்த ஸ்டேஷன் ஒரு பகுதி. கூடவே கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, மென்மையா, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. தலை இறங்கியிருப்பது ஐந்தில் ஒன்றுதான்.

பரிசோதனைக்குப் போகுமுன் மூத்திரம் போய்விட்டு வாருங்கள். மூத்திரப்பை நிரம்பியிருந்தால் தலை மேலே நிற்கும், தொட்டுப் பார்ப்பதும் கஷ்டம்.

இறங்காவிட்டால்?

37, 38 வாரம் ஆகியும் முதல் பிள்ளையின் தலை மேலேயே இருந்தால் நல்ல டாக்டர் ஏன் என்று ஒருமுறை யோசிப்பார். யோசிக்கவும் வேண்டும். முதலில் தேதிக் கணக்கு சரியா என்று பார்ப்பார்கள். கடைசி மாதவிலக்குத் தேதி தவறாகச் சொல்லியிருந்தால் 38 வாரம் என்று நினைத்தது 35 ஆக இருக்கலாம். பிறகு நஞ்சுக்கொடி கீழே படர்ந்து வழியை மறைக்கிறதா, பனிநீர் அளவுக்கு மீறி இருக்கிறதா, அடிப்பக்கம் நார்த்திசுக் கட்டி இருக்கிறதா என்பதை ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். குழந்தையின் முதுகு அம்மாவின் முதுகோடு ஒட்டியிருந்தால் தலை சரியாகக் குனியாமல், இறங்க நேரம் எடுக்கும். வழி உண்மையாகவே குறுகலாக இருப்பதும் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் தேடிப் பார்த்தும் ஒரு காரணமும் கிடைக்காதவர்களே அதிகம். அவர்களின் குழந்தைகள் வலிக்காகக் காத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

"இடுப்பு சின்னது, தலை பெரிசு" என்ற முடிவை வலி தொடங்குவதற்கு முன் உறுதியாகச் சொல்வது மிகவும் கடினம். உயரம் குறைந்த பெண்களைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பது நியாயம். ஆனால் உயரம் குறைந்த எத்தனையோ பெண்கள் சுகமாகப் பெற்றெடுக்கிறார்கள். ஒரு காலத்தில் எக்ஸ்ரே எடுத்து இடுப்பை அளந்து பார்த்தார்கள். அதனால் ஆபரேஷன்கள் கூடியதே தவிர தாய்க்கோ சேய்க்கோ பலன் தெரியவில்லை என்பதால் இன்று வழக்கமாக அதைச் செய்வதில்லை. ஸ்கேனில் சொல்லும் குழந்தையின் எடையும் ஒரு மதிப்பீடுதான், பத்து சதவீதத்துக்கு மேலும் முன்னே பின்னே போகலாம். 3.5 கிலோ என்று ஸ்கேன் சொன்ன குழந்தை 3.1 கிலோவாகப் பிறப்பது சாதாரணம்.

வழி போதுமா என்பதற்கு நம்பகமான சோதனை வலியேதான். வலியின் வேகத்தில் தலை குனிகிறது, திரும்புகிறது, மண்டைத் தகடுகள் நெருங்குகின்றன, அம்மாவின் எலும்பு இணைப்புகள் நெகிழ்கின்றன. இவற்றில் எதுவுமே செக்கப் அறையில் மல்லாந்து படுத்திருக்கும்போது நடப்பதில்லை. நல்ல வலி இருந்தும் பல மணி நேரம் தலை இறங்காமல் நின்றால், அப்போது "வழி போதவில்லை" என்று சொல்வதற்கு அடிப்படை இருக்கிறது. அந்த நேரத்தில் செய்யும் ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை. அதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உண்மையை மறைக்கவும் கூடாது. முதல் பிரசவத்தில் தலை மேலே இருக்க வலி தொடங்கும் பெண்களுக்கு, தலை இறங்கியவர்களைவிடப் பிரசவம் சற்று நீளும், ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். ஆனாலும் வலி வர விட்டால் அவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சுகப்பிரசவம்தான் ஆகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவை சிகிச்சை. இந்தியா முழுவதற்கும் அது 21.5 சதவீதம். இந்த நிலையில், "தலை இறங்கலை, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று 38 வாரத்தில் யாராவது சொன்னால், மரியாதையாக, தயங்காமல் கேளுங்கள்: "வேற ஏதாவது காரணம் இருக்கா டாக்டர்? வலி வர்ற வரைக்கும் காத்திருந்தா எனக்கோ குழந்தைக்கோ என்ன ஆபத்து?" நஞ்சுக்கொடி வழியை மறைக்கிறது, குழந்தை குறுக்கே படுத்திருக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, குழந்தையின் வளர்ச்சி நின்றிருக்கிறது என்று ஒரு பதில் வந்தால் அது கேட்க வேண்டிய பதில். தலை இறங்காதது மட்டும்தான் காரணம் என்றால், இன்னொரு மருத்துவரிடம் கருத்து கேட்பதில் தவறில்லை.

இறக்க முடியுமா

குனிந்து வீடு கூட்டு, தரையைத் துணி போட்டுத் துடை, தலை தானாக இறங்கும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முட்டி போட்டுக் கைகளை ஊன்றிய நிலையில் இடுப்பை ஆட்டும் பயிற்சி, இன்றைய கர்ப்பகால வகுப்புகளில் கற்றுக்கொடுப்பதும் கிட்டத்தட்ட அதேதான். இதை ஆஸ்திரேலியாவில் 2500க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் சோதித்துப் பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 37 வாரத்திலிருந்து தினம் இரண்டு வேளை, பத்து நிமிடம். பிறக்கும் நேரத்தில் குழந்தையின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் இந்தப் பயிற்சி எந்த வித்தியாசமும் ஏற்படுத்தவில்லை. ஆகவே முதுகு வலிக்கு இதமாக இருந்தால் செய்யுங்கள். செய்யாததால்தான் தலை இறங்கவில்லை என்று யாரும் உங்களைக் குறை சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

நடப்பது நல்லது. உடம்புக்கும், தூக்கத்துக்கும், மனசுக்கும். மூச்சு வாங்காத அளவுக்குப் போதும். மாடிப்படியை ஏறி இறங்கி ஏறி இறங்கிக் களைத்துப் போக வேண்டியதில்லை. குத்தவைத்து உட்காருவது இடுப்பின் கீழ் வாசலைத்தான் விரிக்கும், மேலே மிதக்கும் தலையை உள்ளே இழுத்து வராது. பிரசவ வலியின்போது அதனால் உதவி உண்டு. வலி நேரத்தில் எழுந்து நடப்பதும், நிமிர்ந்து உட்காருவதும், ஒருக்களித்துப் படுப்பதும் மல்லாந்தே கிடப்பதைவிட நல்லது. உங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு அனுமதி உண்டா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். வயிற்றுப்போக்கு, வாந்தி, உடம்பில் நீர் வற்றிப் போவது என்று பிரசவத்துக்கு முன்பே பலம் போய்விடும். டாக்டரிடம் கேட்காமல் அதைக் குடிக்கக் கூடாது. அடிவயிற்றை எண்ணெய் போட்டு உருவித் தலையை இறக்குகிறேன் என்று யாராவது சொன்னால் கையை வைக்கவே விடாதீர்கள்.

தாமதிக்கக் கூடாத நேரங்கள்

தலை மேலே இருப்பது வலிக்கு முன் பெரிய விஷயம் இல்லை என்றேன். ஒரே ஒரு சூழ்நிலையில் அது பெரிய விஷயம்: பனிக்குடம் உடையும்போது. இறங்கிய தலை வழியை அடைத்துக்கொண்டிருக்கும். மேலே மிதக்கும் தலைக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளி இருப்பதால், தண்ணீர் வேகமாக வெளியேறும்போது தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிடலாம். இது அரிதாகத்தான் நடக்கும். நடந்தால், தலை கொடியை அழுத்தி, குழந்தைக்குப் போகும் இரத்தம் தடைபடும். நிமிடங்கள் முக்கியம்.

ஆகவே தலை இறங்கவில்லை என்று சொல்லப்பட்ட பெண்ணுக்குப் பனிக்குடம் உடைந்தால், வலி இல்லாவிட்டாலும், குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு என்று நேரம் கடத்தாமல் உடனே கிளம்ப வேண்டும். நடந்து திரியாமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி போவது நல்லது. பிறப்புறுப்பில் கொடி தட்டுப்பட்டாலோ வெளியே தெரிந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. வரும் வரை முட்டி போட்டு, நெஞ்சைத் தரையோடு தாழ்த்தி, இடுப்பை மேலே தூக்கிய நிலையில் இருங்கள். வண்டியில் ஏறியபின் அப்படி இருக்க முடியாவிட்டால், இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து இடப்பக்கம் படுத்துக்கொள்ளலாம். கொடியை உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது, தொடாமல் விடுவதே நல்லது. போகும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கொடி தெரிகிறது என்று சொல்லிவிட்டால் அங்கே ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்துவிடுவார்கள்.

இரத்தம் படுவது, வெளியேறும் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருப்பது, குழந்தையின் அசைவு குறைவது, கடுமையான தலைவலி அல்லது கண் மங்குவது, இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது, தலை எங்கே இருந்தாலும் சரி. 37 வாரம் முடிவதற்கு முன்பே அடிவயிற்றில் பாரம் இறங்கி, விட்டு விட்டு இடுப்பு வலியும் சேர்ந்து வந்தால், சீக்கிரம் இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். குறைமாதப் பிரசவம் தொடங்குவதாக இருக்கலாம். சீக்கிரம் போய்விட்டால் குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்த ஊசி போட அவகாசம் கிடைக்கும்.

இந்த ஆம்புலன்ஸ் எண்ணையும், பிரசவத்துக்குப் போகவிருக்கும் ஆஸ்பத்திரியின் போன் எண்ணையும் வீட்டில் எல்லோருடைய போனிலும் 36 வாரத்துக்குள் பதிந்து வைத்துவிடுங்கள். இரவு நேரத்தில் வண்டிக்கு யார் வருவார்கள் என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.